‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ முதலிடம் பிடித்த பாட்டு: பிரிட்டன் தரவரிசை ஏட்டைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் பாடல் தரவரிசையின் அதிகாரபூர்வ ஏட்டைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

1963 பிப்ரவரி கடைசியில் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த பாட்டு எது என்று உங்கள் ஏட்டில் தேடினால், ஃப்ராங்க் ஐஃபீல்டின் ‘த வேவர்ட் விண்ட்’ என்று வருகிறது. பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 2ஆம் இடத்தோடு நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் கடையில் காசு கொடுத்து வாங்கிய இசை இதழ்கள் வேறு மாதிரி சொல்லின. ‘மெலடி மேக்கர்’ அதை முதலிடத்தில் போட்டது. ‘டிஸ்க்’ இதழும் முதலிடத்தில் போட்டது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஐஃபீல்டையும் பீட்டில்ஸையும் சேர்த்தே முதலிடத்தில் வைத்தது. நான்காவதாக இன்னொரு பட்டியல் இருந்தது. இசைத்தட்டுக் கடைக்காரர்களுக்காக நடந்த ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்ற வணிகப் பத்திரிகையின் பட்டியல் அது. அதில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த அதிகபட்ச இடம் 2. நீங்கள் அந்த நான்காவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றும் அச்சாகவே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறீர்கள்.

இது ஏதோ பழைய பாட்டு ரசிகர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, இந்த மடலை எழுதத் தூண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா 1962இல் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்தவர். ஊரில் இருந்தபோதே இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் மேல்நாட்டுப் பாட்டுகளைக் கேட்டுப் பழகியவர். லண்டனில் கையில் காசு குறைவு. ஆனாலும் வாராவாரம் ‘மெலடி மேக்கர்’ வாங்குவார். கூட அறையில் இருந்தவர் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வாங்குவார். இருவரும் மாற்றிப் படித்த பிறகு பெரியப்பா தரவரிசைப் பக்கத்தை வெட்டி ஒரு தடித்த கணக்குப் புத்தகத்தில் ஒட்டி வைப்பார். அந்தப் புத்தகங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. 1963 மார்ச் தொடக்கத்துப் பக்கத்தில், முதல் வரியில், ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ என்று அச்சாகியிருக்கிறது. பசை மஞ்சளாகிவிட்டது. எழுத்து மங்கவில்லை.

பீட்டில்ஸ் முதன்முதலில் முதலிடம் பிடித்த வாரத்தில் தான் லண்டனில் இருந்ததைப் பெரியப்பா ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகள் கைபேசியை எடுத்து, “இல்லை தாத்தா, அது இரண்டாவதுதான். முதலாவது ‘ஃப்ரம் மீ டு யூ’. இங்கே அதிகாரபூர்வமாகப் போட்டிருக்கு” என்று திருத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை, அவர்கள் பார்த்தது உங்கள் ஏட்டை. கொஞ்ச நாளில் பெரியப்பா அந்தக் கதையைச் சொல்வதையே விட்டுவிட்டார். வயதாகி நினைவு குழம்புகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கு எதுவும் குழம்பவில்லை. அவர் இறந்த பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

அண்மையில் நான் வசிக்கும் பகுதி நூலகம் ஒன்றில் அறுபதுகளில் முதலிடம் பிடித்த பாட்டுகளைக் கேட்கும் மாலை ஒன்று நடந்தது. புத்தகத்தோடு போய், இந்தப் பாட்டையும் போடுங்கள் என்று கேட்டேன். நடத்தியவர் மரியாதையான மனிதர். பக்கத்தைப் பார்த்தார், வியந்தார், பிறகு உங்கள் ஏட்டைத் திறந்து காட்டி, “அதிகாரபூர்வம் என்று இதில் இருப்பதை நான் எப்படி மீறுவது?” என்று கேட்டார். பாட்டைப் போடவில்லை. அச்சான ஆதாரம் மேசைமேல் கிடக்க, ‘அதிகாரபூர்வம்’ என்ற ஒற்றைச் சொல் அதைத் தள்ளிவிட்டது. அந்தச் சொல்லை அந்தக் காலத்துக்கு ஒட்டவைக்க உங்களுக்கு எங்கிருந்து உரிமை வந்தது என்பதுதான் என் கேள்வி.

நடந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எது நன்றாகப் போகிறது என்று விசாரித்துத் தொகுத்த பட்டியல் அது. ஆல் மார்ட்டினோ பாடிய ‘ஹியர் இன் மை ஹார்ட்’ அதில் முதலிடம். பிறகு 1955இல் ‘ரெக்கார்ட் மிரர்’, 1956இல் ‘மெலடி மேக்கர்’, 1958இல் ‘டிஸ்க்’ என்று ஒவ்வோர் இதழும் சொந்தப் பட்டியல் போடத் தொடங்கின. 1960 மார்ச்சில் ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ வந்து சேர்ந்தது. இவற்றில் எதுவும் மற்றவற்றுக்கு மேலானது என்று அன்று யாரும் தீர்மானிக்கவில்லை. பிபிசியே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல இதழ்களின் பட்டியல்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் தன் நிகழ்ச்சிகளில் வாசித்தது. அந்த முறையில் 1968 ஆகஸ்ட் கடைசியில் மூன்று பாட்டுகள் ஒரே நேரத்தில் முதலிடத்தில் வந்து நின்றன: பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட். அந்தச் சங்கடத்துக்குப் பிறகுதான் பிபிசியும் ‘ரெக்கார்ட் ரீடெய்லரும்’ சேர்ந்து பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பியூரோ என்ற சந்தை ஆய்வு நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தன. 300 கடைகளின் விற்பனைக் கணக்கை வைத்து 1969 பிப்ரவரியில் புதிய பட்டியல் வந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் என்று ஒன்று பிறந்தது அப்போதுதான்.

அப்படியானால் அறுபதுகளின் மற்ற ஒன்பது ஆண்டுகளுக்கு ‘ரெக்கார்ட் ரீடெய்லரை’ அதிகாரபூர்வமாக்கியது யார்? 1977இல் வந்த ‘கின்னஸ் பிரிட்டிஷ் ஹிட் சிங்கிள்ஸ்’ புத்தகத்தைத் தொகுத்தவர்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு தொடர்ச்சியான வரிசை வேண்டும். 1952 முதல் 1960 மார்ச் 10 வரை ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, அதிலிருந்து ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்று அவர்கள் முடிவு செய்தார்கள். புத்தகம் நன்றாக விற்றது. வினாடி வினாக்காரர்களும் வானொலிக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு தொகுப்பாசிரியர் குழுவின் வசதிக்கான முடிவு, நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டதால் வரலாறு ஆகிவிட்டது.

அந்த முடிவை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். 1960 மார்ச் முதல் வாரம் வரை ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ சொன்னது வேதவாக்கு. அடுத்த வாரத்திலிருந்து அதே இதழ், அதே முறையில், முன்பைவிட அதிகக் கடைகளைக் கேட்டுத் தொகுத்தது செல்லாக்காசு. அந்த இதழ் என்ன குற்றம் செய்தது? ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ தொடக்க ஆண்டுகளில் கேட்டது 30 கடைகளை ஒட்டித்தான். ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸும்’ ‘மெலடி மேக்கரும்’ நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைக் கேட்டன. 1964இல் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வாரம் மூன்று லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ‘ரெக்கார்ட் ரீடெய்லரோ’ கடைக்காரர்கள் கைக்குப் போகும் பத்திரிகை. 1962 மார்ச்சில் ‘ரெக்கார்ட் மிரர்’ தன் பட்டியலை நிறுத்திவிட்டு அதை எடுத்துப் போடத் தொடங்கும் வரை, பாட்டு கேட்கும் பொதுமக்கள் அந்தப் பட்டியலைப் பார்க்க வழியே இருக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மக்கள் பார்க்காத ஒரு பட்டியல், மக்கள் எந்தப் பாட்டை முதலிடத்தில் வைத்தார்கள் என்பதற்கு இன்று ஒரே சாட்சியாக நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று கடைகள் இதழ்களுக்குச் சொன்னது பெரும்பாலும் வரிசையைத்தான். இது முதலாவது, இது இரண்டாவது என்பார்கள். அதற்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். எத்தனை தட்டு விற்றது என்ற எண்ணிக்கை கணக்கில் வரவில்லை. ஒரு பெரிய நகரக் கடையில் முந்நூறு தட்டு விற்று முதலாவதாக வந்த பாட்டும், ஒரு சிற்றூர்க் கடையில் எட்டுத் தட்டு விற்று முதலாவதாக வந்த பாட்டும் ஒரே மதிப்பெண் வாங்கும். இந்த முறையில் 30 கடைகளை மட்டும் கேட்டால், முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு கடைக்காரர்கள் வரிசையை மாற்றிச் சொன்னாலே போதும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ தொடக்கத்திலிருந்தே 50 இடங்கள் வரை பட்டியல் போட்டது, மற்றவற்றில் பெரும்பாலானவை அவ்வளவு நீளமாகப் போடவில்லை. 1963 ஜனவரியிலிருந்து அதன் கணக்கை வெளியார் தணிக்கை செய்தார்கள். ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ அடிக்கடி இரண்டு பாட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது தொகுப்பவர்களுக்குத் தொல்லைதான். 40ஆம் இடத்துக்கும் 50ஆம் இடத்துக்கும் நடுவே தொட்டுப் போன பாட்டுகளின் கதையை அறிய ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ பெரிதும் உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. நீளமான பட்டியல் என்பதால் அதன் முதல் வரி மற்ற எல்லா முதல் வரிகளையும்விட உண்மையானது என்று ஆகிவிடாது. தணிக்கை, அந்தக் கடைகள் சொன்னதைச் சரியாகக் கூட்டினார்களா என்று பார்க்கும். கேட்ட கடைகள் போதுமா என்பது வேறு கேள்வி. நான்கு சாட்சிகளில் மூன்று பேர் ஒன்றைச் சொல்ல, நான்காமவர் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் சொன்னதை மட்டும் தீர்ப்பில் எழுதினால் யார் ஏற்பார்கள்?

இதனால் அநியாயம் பட்ட பாட்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆக்கர் பில்க் வாசித்த ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் த ஷோர்’. பாடல்கூட இல்லை, வெறும் கிளாரினெட் இசை. தன் மகள் ஜென்னியின் பெயரில் அவர் எழுதிய மெட்டு, பிபிசியின் சிறுவர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகப் பெயர் மாறியது. உங்கள் ஏட்டிலேயே அது 55 வாரம் இருந்திருக்கிறது. 1962 மே மாதம் அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. பிரிட்டனில் அந்த ஆண்டு மிக அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, அதுதான் என்று சொல்லப்படுகிறது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸில்’ அது முதலிடம் பிடித்தது. ஆனால் உங்கள் ஏட்டில் பார்த்தால், சொந்த நாட்டில் ஒருபோதும் முதலிடத்தைத் தொடாத இசைத்தட்டு அது. அமெரிக்கர்கள் முதலிடம் கொடுத்ததை இங்கிலாந்துக்காரர்கள் கொடுக்கவில்லை என்று இன்று ஒரு பிள்ளை படித்தால், அது நம்பும்.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘நைன்டீன்த் நெர்வஸ் பிரேக்டவுன்’, 1966 பிப்ரவரி. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸில்’ முதலிடம். ‘ரெக்கார்ட் ரீடெய்லரில்’ நான்சி சினாட்ராவின் ‘தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கிங்’ நான்கு வாரம் வழி மறித்ததால் 2ஆம் இடம். அந்தக் குழு 1964 ஜூலையில் ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’ தொடங்கி ஐந்து சிங்கிள்களை வரிசையாக முதலிடத்துக்குக் கொண்டுபோனது. இந்தப் பாட்டோடு வரிசை அறுந்தது என்கிறது உங்கள் ஏடு. அடுத்து வந்த ‘பெயிண்ட் இட் பிளாக்’ மறுபடி முதலிடம். நடுவில் உள்ள இந்த ஒன்றைச் சேர்த்தால் ஏழு. ஒரு குழுவின் கதையே மாறிப்போகிறது.

அப்புறம் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’. 1962 நவம்பரில் ஒலிப்பதிவு முடிந்ததுமே இது உங்கள் முதல் நம்பர் ஒன் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்த நால்வரிடமும் சொன்ன கதை உலகத்துக்கே தெரியும். அவர் சொன்னது பலித்தது என்றுதான் 1963இல் எல்லோரும் நினைத்தார்கள், பீட்டில்ஸ் உட்பட. அது பலிக்கவில்லை என்று தெரியவந்தது ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு புத்தகத்தில். 2000ஆம் ஆண்டு பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளை மட்டும் சேர்த்து ‘1’ என்ற தொகுப்பு வந்ததே, அதில் 27 பாட்டு இருக்கிறது, இது இல்லை. அந்தத் தொகுப்பின் வழியாக பீட்டில்ஸைக் கேட்கத் தொடங்கிய தலைமுறை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த பாட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘ஃப்ரம் மீ டு யூ’விலிருந்து ‘யெல்லோ சப்மரீன்’ வரை பதினொரு சிங்கிள் தொடர்ந்து முதலிடம் என்று உங்கள் ஏடு எண்ணுகிறது. அன்று இதழ் வாங்கிப் படித்தவர்கள் பன்னிரண்டு என்று எண்ணினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நல்ல பாட்டு, முதலிடம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் வேறு, நான் கேட்பது வேறு. ஏக்கப்படுவதென்றால் எனக்கும் பட்டியல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிங்க்ஸின் ‘வாட்டர்லூ சன்செட்’டை விட்டுவிட்டு எந்தக் கணக்கு எழுதினாலும் எனக்கு மனம் ஆறாது. 1967 மே மாதம் வந்தது, 2ஆம் இடம். மேலே இருந்தது ட்ரெமலோஸின் ‘சைலன்ஸ் இஸ் கோல்டன்’. அதுவும் ஃபோர் சீசன்ஸ் குழு 1964இல் ‘ராக் டால்’ தட்டின் மறுபக்கத்தில் போட்டிருந்த பாட்டை எடுத்துப் பாடியது. பாடியவர்களின் குரல் ஒத்திசைவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கிங்க்ஸின் ரே டேவிஸ் எழுதியதில் ஒரு நகரமே இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி, ஜன்னல் வழியே பாலத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டு, தனக்கு இதுவே போதும் என்று இருக்கும் ஒருவரை மூன்றே கால் நிமிடத்துக்குள் அவர் காட்டிவிடுகிறார். வேற்று நாட்டிலிருந்து வந்து ஒரு சின்ன அறையில் இருந்து இந்த ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டு என்ன செய்யும் என்பதை என் பெரியப்பாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டு முதலிடத்துக்குத் தகுதியானது என்று யார் முன்னாலும் சொல்வேன். ஆனாலும் அதற்காக உங்கள் ஏட்டைத் திருத்தக் கேட்க மாட்டேன்.

பீச் பாய்ஸின் ‘காட் ஒன்லி நோஸ்’ 1966இல் 2ஆம் இடம். அமெரிக்காவில் அதை இன்னொரு பாட்டின் மறுபக்கத்தில் போட்டு 39ஆம் இடத்தோடு விட்டுவிட்டார்கள், பிரிட்டன்தான் மரியாதை கொடுத்தது. மேலே நின்றது ‘யெல்லோ சப்மரீன்’, ‘எலினார் ரிக்பி’ இரண்டும் சேர்ந்த தட்டு. ‘எலினார் ரிக்பி’யிடம் தோற்றது என்றால் சரி, ஆறுதல் உண்டு. ‘யெல்லோ சப்மரீனிடம்’ என்றால் எனக்கு ஒப்பவில்லை. த ஹூ குழுவின் ‘மை ஜெனரேஷன்’ 1965 கடைசியில் சீக்கர்ஸின் ‘த கார்னிவல் இஸ் ஓவர்’ என்ற பாட்டுக்குக் கீழே நின்றது. ஒரு ரஷ்ய நாட்டுப்புற மெட்டுக்கு எழுதப்பட்ட பிரிவுப் பாட்டு அது. விற்பனையில் அதை அசைக்க முடியவில்லை. திக்கித் திக்கிக் கோபப்பட்ட இளைஞர்களைவிட, மெல்ல விடைகொடுக்கும் பாட்டை அந்தக் குளிர்காலத்தில் அதிகம் பேர் வாங்கினார்கள். வாங்கியவர்களின் விருப்பம் அது. த ஹூ உங்கள் ஏட்டில் ஒருமுறைகூட முதலிடம் பிடிக்காமலே போனது.

1967 மார்ச்சில் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் இருந்த பீட்டில்ஸ் தட்டை எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய ‘ரிலீஸ் மீ’ மறித்ததை இன்றைக்கும் பெரிய அநியாயம் என்று எழுதுகிறார்கள். எங்கெல்பர்ட் 1936இல் சென்னையில் பிறந்தவர், இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. பத்து வயதுவாக்கில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனவர். சென்னைக்காரர் என்பதால் நான் அவர் பக்கம் பேசவில்லை. இசையாகப் பார்த்தால் அந்த பீட்டில்ஸ் தட்டின் இரண்டு பக்கங்களும் ‘ரிலீஸ் மீ’யைவிடப் பல படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘ரிலீஸ் மீ’ பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது, தொடர்ந்து 56 வாரம் பட்டியலை விட்டு இறங்கவில்லை. வீட்டிலிருந்த அம்மாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாங்கிய பாட்டு அது. அவர்கள் காசும் காசுதான். இந்தத் தோல்வியை நான் ஏற்கிறேன். ‘மெலடி மேக்கர்’ அந்த பீட்டில்ஸ் தட்டை மூன்று வாரம் முதலிடத்தில் வைத்தது என்ற தகவலையும் பக்கத்தில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்பேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ 1965இல் ‘பில்போர்டில்’ 2ஆம் இடம், ‘கேஷ் பாக்ஸ்’ பட்டியலில் முதலிடம். அங்கே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு பட்டியலின் பெயரையும் குறிப்பிட்டே எழுதுகிறார்கள். அந்த நாகரிகத்தைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பிறகு பிரிட்டனுக்கு வந்து இந்த இதழ்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள், இந்தத் தட்டுகளை வாங்கினார்கள். நீங்கள் வைத்திருக்கும் கணக்கில் அவர்கள் வாங்கிய தட்டும் உண்டு. அவர்கள் வீட்டிலும் இப்படி ஒட்டுப் புத்தகங்கள் இருக்கும்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

1960 மார்ச் 10 முதல் 1969 பிப்ரவரி வரையிலான உங்கள் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும், இது ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்ற வணிகப் பத்திரிகையின் பட்டியல் என்றும், அந்தக் காலத்தில் எல்லோரும் ஏற்ற ஒரே பட்டியல் இருக்கவில்லை என்றும் தலைப்பிலேயே எழுதுங்கள். யாரும் திறக்காத விளக்கப் பகுதியில் ஒளித்து வைக்க வேண்டாம்.

அந்தக் காலத்துப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’, ‘டிஸ்க்’ ஆகியவற்றில் அது பிடித்த உச்ச இடத்தை உங்கள் எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். இவை அச்சில் வந்த தகவல்கள். நூலகங்களில் இதழ்களின் கட்டுகள் இருக்கின்றன.

முதலிடப் பாட்டுகளின் பட்டியலில் ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் த ஷோர்’, ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’, ‘நைன்டீன்த் நெர்வஸ் பிரேக்டவுன்’ மூன்றையும், இவற்றைப் போன்ற மற்றவற்றையும், எந்த இதழில் முதலிடம் என்ற குறிப்போடு சேருங்கள். ஐஃபீல்டையோ நான்சி சினாட்ராவையோ இறக்க வேண்டாம். அவர்கள் பெற்றது அவர்களுக்கே இருக்கட்டும்.

வீடுகளில் இருக்கும் வெட்டி ஒட்டிய பக்கங்களை மக்கள் படமெடுத்து அனுப்ப ஒரு வழி திறந்து வையுங்கள். என் பெரியப்பாவின் புத்தகங்களை உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து பிரதி எடுக்கத் தருகிறேன், செலவு என்னுடையது.

இவற்றில் எதைச் செய்ய முடியாது என்று நினைத்தாலும், ஏன் முடியாது என்பதைக் காரணத்தோடு பொதுவில் எழுதுங்கள். “புத்தகம் அப்படித்தான் முடிவு செய்தது” என்பதைப் பதிலாக ஏற்க மாட்டேன். அந்த நூலகத்தில் அடுத்த பாட்டு மாலை நடப்பதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதை அச்செடுத்து, ஒட்டுப் புத்தகத்தோடு சேர்த்து, நடத்துபவரிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
லண்டனில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டு ரசிகர்